ஈரானிய வெள்ளைச் சோறான செலோவை மூன்று முறை செய்தும், பானையடியில் பொரியும் தஹ்தீக் சரியாக வரவில்லை. எங்கே தவறுகிறது?

மழைக்காலம்:

எல்லோருக்கும் வணக்கம். ஷார்ஜாவில் எங்கள் எதிர்வீட்டில் ஐந்து வருடம் ஷிராஸைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் அவர் வீட்டிலிருந்து ஒரு தட்டு எங்களுக்கு வந்துவிடும். மல்லிகைப்பூப் போல உதிரும் வெள்ளைச் சோறு, அதன் உச்சியில் ஒரு கை குங்குமப்பூச் சோறு, ஓரத்தில் பொன்னிறமாக மொறுமொறுவென்று ஒரு துண்டு தஹ்தீக். அந்தத் துண்டுக்காகவே என் மகள் கதவருகில் காத்திருப்பாள். போன மாதம் அவர்கள் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிட்டார்கள். தட்டும் நின்றுபோயிற்று.

அவர் சமைக்கும்போது பலமுறை பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் அளவு கேட்டால் எதற்கும் கையைத்தான் காட்டுவார். இப்போது நானே மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். செய்தது இதுதான்: 3 கப் செல்லா பாஸ்மதி, அரை மணி நேரம் ஊறல், 12 நிமிடம் கொதி, பிறகு வடித்தேன். எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, சோற்றைக் கொட்டி, சாதாரண மூடி போட்டு, சிறுதீயில் அரை மணி நேரம் வைத்தேன்.

முதல் முறை அடி ஒட்டிக்கொண்டு சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அடி வெளுத்து ஈரமாக இருந்தது. மூன்றாம் முறை தீயைக் கூட்டியதில் அடி கருகிவிட்டது, மேலே சோறு குழைந்துவிட்டது. யாராவது வீட்டில் ஒழுங்காகச் செய்திருந்தால் சொல்லுங்கள்.

கரண்டி:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? குக்கரில் பாஸ்மதி வைத்து, கடைசியில் குங்குமப்பூப் பால் ஊற்றிக் கிளறினால் அதே சுவைதானே வரும்?

ஸ்காபரோவாசி:

கரண்டி, அதே சுவை வராது. ஏன் என்று கீழே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நான் ரொறன்ரோவில் யங் வீதிப் பக்கம் ஓர் ஈரானிய உணவகக் குசினியில் ஆறு வருடம் வேலை செய்தவன். சோற்றுப் பானைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஈரானின் கீலான் மாகாணத்து ரஷ்த் நகரத்துக்காரர். முதல் ஒரு வருடம் என்னை அரிசி கழுவ மட்டும்தான் விட்டார். அந்த ஒரு வருடத்தில் எனக்கு விளங்கியது ஒன்று. எல்லோரும் தஹ்தீக்கைப் பற்றியே கவலைப்படுகிறோம். ஆனால் தஹ்தீக் நல்லதாக வருமா இல்லையா என்பது வடிதட்டிலேயே முடிவாகிவிடுகிறது. வடிக்கும்போது அரிசி சரியான பதத்தில் இருந்தால், பிறகு நீங்கள் செய்வது தீயைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான். வடித்தது பிழைத்தால் அடியை எப்படிக் கவனித்தாலும் பலன் இல்லை.

மழைக்காலம், உங்கள் முறையில் நான் காணும் பிழைகளைச் சொல்கிறேன்.

செல்லா அரிசி நெல்லிலேயே ஒருமுறை வேகவைத்துக் காய்ந்தது. அது உடையாது, குழையாது என்று பிரியாணிக் கடைகளில் விரும்புவார்கள். செலோவுக்கு அது சரிவராது. மணியின் மேல்புறம் மெத்தென்று மலர வேண்டும், செல்லா இறுகியே நிற்கும். அடியில் பொரியும்போதும் ஒரு மணியோடு மற்ற மணி பிடித்துக்கொண்டு ஒரே தகடாகாது. பச்சரிசியாக உள்ள பழைய பாஸ்மதி வாங்குங்கள்.

ஊறல் அரை மணி போதாது. தண்ணீரில் பால் நிறம் போய்த் தெளியும்வரை ஐந்து ஆறு தடவை கழுவுங்கள். விரல்களை மட்டும் சுழற்றிக் கழுவ வேண்டும், பிசையக் கூடாது. பிறகு இரண்டு மேசைக்கரண்டி உப்புப் போட்டுக் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம். மணிக்குள் ஈரம் சமமாக இறங்கிவிட்டால் கொதியில் நீளமாக வளரும், குறுக்கே ஒடியாது.

கொதிக்க வைக்கும் தண்ணீர் நிறைய வேண்டும். 3 கப் அரிசிக்கு 3 லிட்டருக்குக் குறையாமல். அதில் இன்னும் மூன்று மேசைக்கரண்டி உப்பு, வாயில் வைத்தால் கடல் தண்ணீர் போல இருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், பெரும்பகுதி வடிந்து போய்விடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதுதான் அரிசியைப் போட வேண்டும். அடுப்பு அப்போது முழுத் தீயில் இருக்க வேண்டும்.

இனிமேல் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஊறிய பச்சை பாஸ்மதிக்குக் கொதி திரும்பியதிலிருந்து ஐந்து முதல் எட்டு நிமிடத்துக்குள் வேலை முடியும். ஆனால் அரிசிக்கு அரிசி மாறும். நான்காவது நிமிடத்திலிருந்து ஒரு மணியை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். இரண்டு ஓரமும் மெத்தென்று வழிவிட வேண்டும், நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் கடினமாக நிற்க வேண்டும். அந்தக் கணத்தில் வடிதட்டில் கொட்டுங்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் ஆவியில் வைத்த பிறகு குழைந்துவிடும். உங்கள் 12 நிமிடம் செல்லாவுக்குப் பொருந்தலாம், பச்சரிசிக்கு மிக அதிகம்.

கொட்டியதும் ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரை மேலே தெளியுங்கள். மேலொட்டிய மாவும் மிஞ்சிய உப்பும் போகும். ஒரு மணியைத் தின்று பாருங்கள், உப்புக் கூடுதலாகத் தெரிந்தால் இன்னொரு கப். பிறகு தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை விடுங்கள். அடி ஈரமாக வந்ததற்கு ஒரு காரணம், வடியாத சோற்றைப் பானையில் போட்டதுதான் என்று நினைக்கிறேன்.

பானை, தீ பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன். வேலைக்கு நேரமாகிவிட்டது.

தேரடி:

ஸ்காபரோவாசி அண்ணா சொன்ன முறையைப் படித்ததும் எங்கள் பாட்டி வெங்கலப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்தது நினைவுக்கு வந்தது. வடிக்கிற வேலை நமக்குப் பழக்கம்தான். வித்தியாசம், நாம் முழுதாக வேகவைத்து வடிப்போம், அவர்கள் முக்கால் பதத்தில் வடித்து மீதியை ஆவியிடம் விடுகிறார்கள். இன்னொன்று, அவர்கள் வடிக்கும் தண்ணீரைக் கஞ்சியாகக் குடிக்க முடியாது, உப்பு அவ்வளவு.

பிரியாணிக்கு நாம் சொல்லும் 'தம்' பாரசீகச் சொல்தான். மூச்சு என்று பொருள். சோற்றை மூடி வைத்து ஆவியில் மலரவிடுவதை அவர்களும் 'தம்' என்றுதான் சொல்கிறார்கள். புலாவ் என்கிற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான், அவர்கள் வாயில் 'போலோ'. வெறும் வெள்ளைச் சோறு செலோ (முதல் எழுத்தை 'பச்சை'யில் வரும் ச் போல அழுத்திச் சொல்ல வேண்டும்). அதே முறையில் காயோ கீரையோ பருப்போ இறைச்சியோ அடுக்கி ஆவியில் வைத்தால் போலோ. தஹ் என்றால் அடி, தீக் என்றால் பானை. தஹ்தீக், பானையடி.

கரண்டி:

சரி, குக்கர் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். இப்படி வடித்தால் சத்தெல்லாம் போய்விடாதா? ஈரானில் எல்லோரும் தினமும் இப்படித்தான் செய்கிறார்களா?

கப்பல்காரன்:

எல்லோரும் தினமும் இல்லை. கப்பல் வேலையில் அன்ஸலி துறைமுகத்தில் ஒருமுறை சில வாரம் தங்க வேண்டி வந்தது. காஸ்பியன் கரையோரம் கீலான் மாகாணம் அது. எல்பூர்ஸ் மலை மழை மேகத்தை மறித்துக்கொள்வதால் மலைக்கு வடக்கே எங்கே பார்த்தாலும் வயல். நம் ஊர் வந்துவிட்டோமோ என்று தோன்றியது. மலைக்குத் தெற்கே உள்ள மேட்டு நிலத்தில் காலங்காலமாக ரொட்டிதான் அன்றாட உணவு, சோறு விருந்துக்கு உரியது. கீலானில்தான் மூன்று வேளையும் சோறு தின்னும் பழக்கம்.

அங்கே வீடுகளில் வைப்பது கத்தே. அளந்து தண்ணீர் விட்டு, உப்பும் வெண்ணெயும் போட்டு, தண்ணீர் வற்றியதும் மூடி சிறுதீயில் விடுவார்கள். வடிப்பதே இல்லை, சத்தும் போகாது. சோறு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, கவிழ்த்தால் கேக் மாதிரி நிற்கும். சுட்ட கத்தரிக்காயும் பூண்டும் தக்காளியும் முட்டையும் சேர்த்த மிர்ஸா காசெமி என்று ஒன்று அதோடு தந்தார்கள். கத்தரிக்காயை நெருப்பில் சுட்ட வாசனை. அந்தச் சாப்பாட்டுக்காகவே மறுபடி அந்தப் பக்கம் போக ஆசை.

கரண்டி, தினசரிக்கு உங்களுக்குக் கத்தேதான் பொருத்தம். அதற்கும் அடியில் தஹ்தீக் வரும்.

ஸ்காபரோவாசி:

கப்பல்காரன் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் ரஷ்த்காரர் வீட்டில் தனக்கு வைப்பது கத்தேதான், கடைக்கு மட்டும்தான் செலோ. 2015 இல் யுனெஸ்கோ ரஷ்தை உணவுக்கலை நகரங்களின் பட்டியலில் சேர்த்தபோது இனிப்பு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

இனி பானைக்கு வருவோம்.

மெல்லிய எவர்சில்வர் வேண்டாம். சூடு ஒரே இடத்தில் குவிந்து நடுவில் கருகும், ஓரம் வெளுக்கும். அடி கனத்த, ஒட்டாத பூச்சுள்ள பானை இருந்தால் முதலில் அதில் பழகுங்கள். ஈரானிலேயே இப்போது பெரும்பாலான வீடுகளில் அதுதான்.

எண்ணெய் ஒரு கரண்டி எங்கே போதும்? அடி முழுவதும் மூடி நிற்க வேண்டும். 24 சென்டிமீட்டர் பானைக்கு நான்கு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், கரைத்த குங்குமப்பூ ஒரு தேக்கரண்டி. தண்ணீர் எதற்கென்றால், அது ஆவியாகி முதல் உந்துதலைக் கொடுக்கும், அது வற்றும்வரை அடி கருகாது. நெய் கலந்தால் மணம் கூடும். கெர்மான்ஷாவில் ஆட்டுப்பால் நெய்க்கு அவர்களிடம் பெரிய மதிப்பு. நம் வீட்டு நெய்யைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எண்ணெய் சூடான பிறகு சோற்றைக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போடுங்கள், கொட்டாதீர்கள். மேலே போகப் போகக் குறுக்கி, மலை போலக் குவியுங்கள். சோறு பானையின் சுவரைத் தொடாமல் இருந்தால் சுற்றிலும் ஆவி ஏற வழி கிடைக்கும். அழுத்தவே கூடாது. மரக்கரண்டிக் காம்பால் ஐந்தாறு இடத்தில் துளை போடுங்கள், அடி வரை குத்த வேண்டாம்.

மூடி போட்டு முதல் எட்டு பத்து நிமிடம் நடுத்தரத் தீ. உங்களுடைய இரண்டாவது முறை இதனால்தான் கெட்டது, முதலிலேயே சிறுதீயில் வைத்துவிட்டீர்கள். விரலை நனைத்துப் பானையின் வெளிச்சுவரில் ஒரு கணம் தொடுங்கள். 'ஜ்ஜ்' என்று சத்தம் கேட்டால் சூடு ஏறிவிட்டது. அப்போது திறந்து, மூன்று மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயும் கால் கப் வெந்நீரும் கலந்து மேலே பரவலாக ஊற்றுங்கள்.

பிறகு மூடிக்குத் துணி. பெயர் தம்கோனி. மூடிக்குத் தொப்பி மாட்டுவது போலத் தைத்து விற்பார்கள். நம் வீட்டில் சுத்தமான பருத்தித் துண்டு போதும். மூடியைச் சுற்றி, முனைகளை மேலே முடிச்சுப் போடுங்கள், தீயருகே தொங்கினால் ஆபத்து. மேலே ஏறும் ஆவி மூடியில் தண்ணீராகிச் சோற்றில் சொட்டாமல் அந்தத் துணி குடித்துக்கொள்ளும். மூன்றாம் முறை உங்கள் மேல்சோறு குழைந்ததற்கு இந்தத் துணி இல்லாததும் காரணம்.

தீயை இருப்பதிலேயே சிறிதாக்கி 45 நிமிடம். நடுவில் திறக்காதீர்கள்.

இறக்கியதும் கழுவுதொட்டியில் இரண்டு விரல் உயரம் குளிர்ந்த தண்ணீர் விட்டு, மூடியைத் திறக்காமல் பானையின் அடியை ஒரு நிமிடம் அதில் வையுங்கள். 'ஷ்' என்று அடங்கும். அடி பெயர்ந்துவிடும்.

மழைக்காலம்:

அண்ணா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஷிராஸ் அம்மாவும் விரலை நனைத்துத் தொடுவார். நான் ஏதோ விளையாட்டாகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரிசி பற்றி ஒரு கேள்வி. இங்கே ஈரானியக் கடையில் ஈரானிய அரிசியே கிடைக்கிறது, ஆனால் பாஸ்மதியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. வாங்கலாமா?

நெய்மணம்:

ஆரம்பத்தில் வேண்டாம். அந்த அரிசிகளுக்கு மணம் அதிகம், ஆனால் பாஸ்மதியை விட மென்மையானவை, பதம் ஒரு நொடியில் தவறிப்போகும். ஹாஷெமி, தாரோம், தோம்சியா என்று பெயர் பார்த்திருப்பீர்கள். தோம்சியா என்றால் கருவால். நெல்மணியின் நுனி கறுத்திருப்பதால் அந்தப் பெயர். கீலான், மாசந்தரான் இரண்டு மாகாணத்தில்தான் பெரும்பாலும் விளைகிறது. நாட்டின் தேவைக்கு அது போதாததால் ஈரான் இந்தியாவிலிருந்து ஏராளமாக பாஸ்மதி வாங்குகிறது. அங்கேயே பல வீடுகளில் அன்றாடப் பானையில் இருப்பது நம் 1121 தான்.

1121 புது தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 2003 இல் வெளியிட்ட ரகம். வேகாத மணியே 8 மில்லிமீட்டருக்கு மேல், வெந்தால் இரண்டரை மடங்கு நீளும். செலோவுக்கு அந்த நீளம் அழகாக இருக்கும். மூட்டையில் செல்லாவா பச்சரிசியா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். செல்லா மஞ்சள் கலந்த கண்ணாடி போல இருக்கும்.

ஸ்காபரோவாசி:

நெய்மணம் சொல்வதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. நீளம் கண்ணுக்கு அழகு, சரி. ஆனால் 1121 மணம் குறைந்த அரிசி. செலோவில் வெள்ளைச் சோற்றை வெறும் வெண்ணெயோடு தின்னும்போது அரிசியின் சொந்த மணம்தான் பேச வேண்டும். கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் பழைய பாரம்பரிய பாஸ்மதியே நல்லது என்பேன். ஒருமுறையாவது ஒரு கிலோ ஹாஷெமி வாங்கிக் கத்தே வைத்துப் பாருங்கள், வடிக்காததால் மணம் முழுதும் பானைக்குள்ளேயே நிற்கும்.

நெய்மணம்:

கத்தேக்கு ஹாஷெமி, அதை ஒப்புக்கொள்கிறேன். செலோவுக்கு 1121 தான் என்று இன்னும் சொல்வேன். புதிதாகப் பழகுகிறவருக்குக் குழையாத அரிசிதான் தைரியம் கொடுக்கும்.

குங்குமப்பூவைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதையும் சேர்த்துவிடுகிறேன். உலகத்துக் குங்குமப்பூவில் மிகப் பெரும்பகுதி ஈரானின் கொராசான் பகுதியில் விளைகிறது. இலையுதிர் காலத்தில் சில வாரம் மட்டும் பூக்கும். விடியற்காலையில் பூ விரிவதற்குள் பறித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவப்பு இழையைக் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். அதனால்தான் அந்த விலை. மஞ்சள் காம்பு இல்லாமல் சிவப்பு நுனி மட்டும் உள்ளது சர்கோல், அதிலேயே நீண்டு தடித்தது நெகீன். காம்போடு கட்டாகக் கட்டியது தஸ்தே, விலை குறைவு.

நம் வீடுகளில் இழையை அப்படியே பாலில் போடுவோம். அவர்கள் பொடித்துத்தான் போடுவார்கள். அரைத் தேக்கரண்டி இழையை ஒரு சிட்டிகை சர்க்கரையோடு சின்ன உரலில் மாவாக நுணுக்குங்கள். மேலே இரண்டு ஐஸ் கட்டி வைத்து அது தானாக உருகும்வரை விடுங்கள், அல்லது கொதி அடங்கிய வெந்நீர் மூன்று மேசைக்கரண்டி விட்டு மூடி வையுங்கள். கொதிக்கிற தண்ணீரை நேராக ஊற்றினால் மணம் பறந்துவிடும். நல்ல பூவா என்று பார்க்க, பச்சைத் தண்ணீரில் இரண்டு இழை போடுங்கள். நிறம் மெதுவாக, மஞ்சளாக இறங்கும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம்.

சோறு முழுவதிலும் அதைக் கலக்காதீர்கள். ஒரு கப் சோற்றை மட்டும் தனியே எடுத்து அதில் பிரட்டி, பரிமாறும்போது உச்சியில் தூவ வேண்டும். வெள்ளைக்கு மேல் மஞ்சள் நிற்பதுதான் செலோவின் அழகு.

மழைக்காலம்:

நேற்று நான்காம் முறை செய்தேன். அரிசி மாற்றி, இரண்டு மணி ஊறவைத்து, ஆறாவது நிமிடத்தில் வடித்தேன். மேல் சோறு அப்படியே அந்த அம்மா வீட்டுச் சோறுதான், என் கணவர் நம்பவே இல்லை. தஹ்தீக்கும் பெயர்ந்தது! ஆனால் நடுவில் உள்ளங்கை அளவுக்குக் கறுத்துவிட்டது, ஓரம் பொன்னிறம். பானை ஒட்டாத வகைதான். தீயை மிகச் சிறிதாகத்தான் வைத்தேன்.

ஸ்காபரோவாசி:

அடுப்புச் சுடர் நடுவில் மட்டும் படுகிறது. பானைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு பழைய தோசைக்கல்லை வையுங்கள், சூடு பரவும். ஈரானிலும் இதற்கென்றே ஒரு தகடு போடுவார்கள். கல் வைத்தால் பத்து நிமிடம் கூடுதலாக எடுக்கும்.

இன்னொன்று, முதலில் சோற்றுத் தஹ்தீக்கை விட்டுவிட்டு லவாஷ் ரொட்டித் தஹ்தீக் செய்து கை பழகுங்கள். எண்ணெய் சூடானதும் மெல்லிய லவாஷை அடி அளவுக்கு வெட்டிப் போட்டு அதன் மேல் சோறு. தவறவே தவறாது. ஷார்ஜாவில் லவாஷ் எங்கும் கிடைக்கும். உருளைக்கிழங்கு போடுவதானால் அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, ஈரம் துடைத்து, மஞ்சள்தூளும் உப்பும் தூவி அடுக்குங்கள். எனக்குப் பிடித்தது தயிர்த் தஹ்தீக். ஒரு கப் வடித்த சோறு, மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர், ஒரு மஞ்சள் கரு, குங்குமப்பூத் தண்ணீர் எல்லாம் சேர்த்து அடியில் பரப்பினால் தடித்த அடை போல வரும். தயிர் சீக்கிரம் சிவக்கும், அதனால் தீயை இன்னும் கவனிக்க வேண்டும்.

அடுக்களைப்பூனை:

நாங்கள் சைவம். செலோவோடு எப்போதும் கபாபும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு ஏதாவது வழி உண்டா?

தேரடி:

நிறைய உண்டு. அதஸ் போலோ செய்யுங்கள். மைசூர்ப் பருப்பின் தோலோடு உள்ள பழுப்புப் பயறை மலர வேகவைத்து, வடித்த சோற்றோடு மாற்றி மாற்றி அடுக்கி ஆவியில் வைப்பது. உலர் திராட்சையும் பேரீச்சம்பழமும் வெண்ணெயில் புரட்டி மேலே போடுவார்கள், நிறைய வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்தும் தூவுவார்கள். லூபியா போலோவில் பீன்ஸும் தக்காளியும் லவங்கப்பட்டையும், இறைச்சி இல்லாமலும் நன்றாக இருக்கும். கூடவே மாஸ்த்-ஓ-கியார், அதாவது வெள்ளரிக்காய்த் தயிர், உலர் புதினா தூவி. நம் தயிர்ப் பச்சடிக்குச் சொந்தக்காரர்.

கப்பல்காரன்:

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தெற்கே பந்தர் அப்பாஸ், புஷேர் பக்கம் கல்யே மாஹி என்று மீன் குழம்பு. புளி கரைத்து ஊற்றி, பூண்டும் கொத்தமல்லி இலையும் வெந்தயக்கீரையும் வதக்கிச் சேர்த்து, காரம் தூக்கலாக வைப்பார்கள். வடக்கே இந்தக் காரம் கிடையாது. புளிக்கு அவர்கள் சொல்லும் பெயரே 'தம்ரே ஹிந்தி', இந்தியப் பேரீச்சம்பழம். வெள்ளைச் செலோவில் அதை ஊற்றிப் பிசைந்தபோது தூத்துக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டது போல இருந்தது.

நெய்மணம்:

மழைக்காலம் அடுத்துச் செய்ய வேண்டியது ஸெரெஷ்க் போலோ. ஸெரெஷ்க் என்பது மிளகு அளவுள்ள புளிப்புச் சிவப்புப் பழம், காயவைத்து விற்பார்கள், கொராசானின் தெற்கே காயென், பிர்ஜந்த் பக்கத்து விளைச்சல். பாக்கெட்டில் மணல் இருக்கும், அதனால் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு மேலாக அள்ளி எடுங்கள். வெண்ணெயில் ஒரு கரண்டி சர்க்கரையோடு ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. சட்டென்று கருகிக் கசந்துவிடும். பரிமாறும்போது குங்குமப்பூச் சோற்றோடு சேர்த்து மேலே தூவ வேண்டும், பானைக்குள் போட வேண்டாம்.

கரண்டி:

குக்கர்காரன் மறுபடி வந்திருக்கிறேன். இங்கே துபாய் கடையில் அடியில் தஹ்தீக் வருகிற மின்சாரக் குக்கர் என்று ஒன்று பார்த்தேன். ஈரானிய எழுத்து இருந்தது. உண்மையா?

ஸ்காபரோவாசி:

உண்மைதான். போலோபஸ் என்பார்கள். சாதாரண மின்குக்கர் தண்ணீர் வற்றியதும் அணைந்துவிடும். இதில் ஒரு திருகு இருக்கும், தஹ்தீக் எவ்வளவு சிவக்க வேண்டும் என்று நேரம் வைக்கலாம். கவிழ்த்தால் கேக் போல முழுதாக விழும். கத்தேக்கு அருமை. வடித்த சோற்றையும் அதில் ஆவிக்கு வைக்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம், அங்கே பாட்டிமார்களே வைத்திருக்கிறார்கள்.

மழைக்காலம்:

வெள்ளிக்கிழமை ஐந்தாம் முறை. தோசைக்கல் வைத்தேன், லவாஷ் போட்டேன், துணி கட்டினேன். 50 நிமிடம் கழித்து இறக்கித் தண்ணீரில் வைத்ததும் அண்ணா சொன்ன அதே 'ஷ்'. சோற்றை ஜல்லிக்கரண்டியால் தளர்த்தி அள்ளித் தட்டில் குவித்து, குங்குமப்பூச் சோறு தூவி, ஸெரெஷ்க் தூவி, கடைசியில் அடியைக் கரண்டியால் நெம்பினால் முழு வட்டமாக எழும்பி வந்தது. ஒரு இடம்கூடக் கறுக்கவில்லை.

ஷிராஸ் அம்மாவை வீடியோவில் அழைத்துக் காட்டினேன். மகள் ஒரு துண்டைக் கடித்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. 'நூஷே ஜான், நூஷே ஜான்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உயிருக்கு இதமாக இறங்கட்டும் என்று அர்த்தம், தட்டு கொடுக்கும்போதெல்லாம் சொல்லுவார். பிறகு பானையைச் சாய்த்து அடியைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். லவாஷ் நன்றாக இருக்கிறது, அடுத்த வாரம் சோற்றில் செய்து காட்டு என்று சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டுக்கு இப்போது திருச்சிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்பினேன்.

மீந்த சோறு இரண்டு கப் இருக்கிறது. நாளைக்கு எப்படிச் சூடாக்குவது?

ஸ்காபரோவாசி:

நல்ல சேதி. மீந்த சோற்றில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, ஒரு துண்டு வெண்ணெய் வைத்து, அதே துணி கட்டிய மூடியோடு மிகச் சிறுதீயில் பத்து நிமிடம். கிளறாதீர்கள். தஹ்தீக் மட்டும் மறுநாளைக்கு நிற்காது, இன்றைக்கே தின்று முடித்துவிடுங்கள்.